அக்கா குளிக்கிறாள்

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் பயமில்லை என்று ஐயாறப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குளியலறைக் கதவுக்கு முதுகைக் காட்டி, கொல்லைத் தாழ்வாரத்தில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த மனுஷன், நிற்பதற்கு அவருக்குச் சொல்லித்தரவேண்டுமா என்ன? ஆனால் இன்றைக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. உள்ளே அக்கா குளிக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்காக ஓசூரில் மகள் வீட்டில் கிடந்த அபயாம்பாள், இன்றைக்குத்தான் தன் கையால் தன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாள். அதுவும் தம்பி இடித்துக் கட்டிய புதுக் குளியலறையில். ஒரு சொம்பு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு சொம்பு. அந்த இடைவெளியில்தான் இவருக்கு உயிர் போய்ப் போய் வருகிறது. சோப்பைத் தேடுகிறாளாக இருக்கும். சோப்பு எட்டுகிற இடத்தில்தானே வைத்தோம்? இடுப்பு போனது வலது பக்கம், அதனால் சோப்பு மாடம் இடது பக்கம் வரவேண்டும் என்று கொத்தனாரிடம் படித்துப் படித்துச் சொன்னோமே, அவர் வைத்தது இடது பக்கம்தானா, உள்ளே போகிறவருக்கு இடதா, உட்கார்ந்திருக்கிறவருக்கு இடதா, அட கஷ்டமே, அவள் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் இடது வலதாகிவிடுமே! சளக். அப்பாடா, தண்ணீர் விழுந்தது. கதவைப் பார்த்து உட்காரவில்லைபோல. எப்படி உட்கார்ந்தால் என்ன, சோப்பு கிடைத்துவிட்டது, அவ்வளவுதானே.

அக்காளின் மகள் தேன்மொழி கார் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மாவைக் கொண்டுவந்து விட, அல்லது திரும்பக் கூட்டிக்கொண்டு போக. எது என்பது இந்தக் குளியலில் இருக்கிறது. நேற்று சாப்பிடும்போது பட்டென்று சொல்லிவிட்டாள். "மாமா, கோவிச்சுக்காதீங்க. அம்மா தானா உள்ள போயி, தானா குளிச்சுட்டு, தானா வெளிய வரணும். வந்துட்டா இங்கயே இருக்கட்டும், நான் வாயே திறக்கமாட்டேன். முடியலன்னா என்கூடத்தான். உள்ள விழுந்துட்டா நீங்க என்ன மாமா பண்ண முடியும்? நீங்க ஆம்பள." மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார் ஐயாறப்பன், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நீங்க என்ன மாமா பண்ண முடியும்? அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அது தெரியும். அப்பன் முகம் தெரியாமல் கைக்குழந்தையாக இந்த வீட்டுக்கு வந்தவள், இவருடைய சைக்கிள் பாரில் உட்கார்ந்து வளர்ந்தவள், இவர் கையால் ரெட்டைச் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். கோணல் சடைதான், இருந்தாலும் சடை. அவளுக்கு இல்லாத உரிமையா? நியாயத்தைத்தான் கேட்கிறாள்.  நீங்க என்ன பண்ண முடியும்? நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்த முடியும். விசிலடித்தால் மைதானம் அடங்கும். ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா வழுக்கினால் என்ன பண்ண முடியும்? இப்போது அவள் மணிக்கூண்டுப் பக்கம் மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். "நான் வந்தப்புறம் குளிம்மா, நான் வெளிய நின்னு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கார் தெரு திரும்பியதோ இல்லையோ, அக்கா வாக்கரைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். "அவ வர்றதுக்குள்ள குளிச்சு முடிச்சு, தலையைத் துவட்டிக்கிட்டு ராணியாட்டம் உக்காந்திருப்பேன், பாரு. நீ ஒரு வாளி மட்டும் எடுத்து வைடா ஐயாறு." ஐயாறு! ஊர் பூரா சார் சார் என்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒருத்திதான். அவள் ஓசூருக்குப் போய்விட்டால் சாப்பாட்டுக்கு மெஸ் இருக்கிறது, துணிக்கு மெஷின் இருக்கிறது, பேச்சுக்கு டீக்கடை இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. அவருக்குப் பயமாக இருந்தது. அக்கா விழுந்துவிடுவாளோ என்று பாதி, போய்விடுவாளோ என்று பாதி. எந்தப் பாதி பெரிசு என்று பார்க்க வெட்கமாக இருந்தது.

சளக், சளக். நல்லது. தாராளமாக ஊற்றிக்கொள்கிறாள். ஊற்றிக்கொள்ளட்டும், இந்தத் தண்ணீருக்காகத்தானே இவ்வளவு பாடும். ஓசூரிலிருந்து ஒருநாள் போன் பண்ணினாள். தேன்மொழி தங்கமாகத்தான் பார்த்துக்கொள்கிறாள், நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டித் துடைத்து எல்லாம் செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று குரல் உடைந்து, "என் தலைக்கு நானே ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கணும்டா, அது போதும் எனக்கு" என்றாள். புருஷன் செத்தபோதுகூட இவரெதிரில் அழாதவள். மறுநாளே இவர் கொத்தனார் அந்தோணிசாமி வீட்டு வாசலில் போய் நின்றார். அப்பா கட்டிய வீடு. குளிக்கிற இடம் கொல்லையில் மூன்று படி கீழே இறங்கி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையும், ஆள் உள்ளே முங்கலாம்போல ஒரு சிமெண்டுத் தொட்டியும், ஓரத்தில் குந்தி உட்காருகிற கக்கூஸுமாக இருந்தது. டாக்டரோ குந்தவே கூடாது, படியே ஏறக்கூடாது என்று தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். சரி, தரையை வீட்டு மட்டத்துக்கு உயர்த்து, தொட்டியை உடை. சொன்னால் ஆயிற்றா? அந்தத் தொட்டி உடைவேனா என்றது. சம்மட்டி தெறித்துத் திரும்பியதே தவிர அதில் ஒரு கீறல் விழவில்லை. வீடு பூரா புழுதி, குழம்பில் புழுதி, தலையணையில் புழுதி, தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. தோண்டினால் சாக்கடைக் குழாய்க்குள் தென்னைவேர் புகுந்து, ஒரு ஆள் நீளத்துக்குச் சடை விட்டிருந்தது. இத்தனை வருஷமாகத் தண்ணீர் எந்த வழியாகப் போயிற்று என்பது அந்த மாயூரநாதனுக்குத்தான் வெளிச்சம். எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டு அந்தோணிசாமி, மாதாவுக்கு வேண்டுதல் சார் என்று காவியைக் கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்விட்டார். சாமி காரியம், என்ன சொல்ல முடியும்? குளிக்கக் காவிரி இருந்தது. மற்றதற்கு எதிர்வீட்டு வாசலில் விடியற்காலையில் போய்ச் செருமிக்கொண்டு நின்றாரே, அந்த மானக்கேட்டை அக்காளிடம்கூடச் சொல்லவில்லை. திரும்பி வந்த மனிதர் தரை போட்டார், ஓடு பதித்தார், ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கொட்டினார். தண்ணீர் சாக்கடைத் துவாரத்தைத் திரும்பியும் பார்க்காமல் நேரே வாசற்படிக்கு வந்து இவர் கால் கட்டைவிரலைத் தொட்டது. "வாட்டம் கொஞ்சம் மாறிப்போச்சு சார்" என்றார் அந்தோணிசாமி, வேறு எவனோ செய்துவிட்டுப் போன மாதிரி. மறுபடி பெயர்ப்பு. மறுபடி புழுதி. அன்றைக்கு இவர் கிணற்றடியில் உட்கார்ந்து, எதற்கு இந்த வேலை, வயசான காலத்தில் எவனாவது இப்படி வீட்டை இடிப்பானா என்று வாய்விட்டே புலம்பினார். புலம்பிவிட்டு எழுந்து போய் டீ வாங்கி வந்து கொத்தனாருக்குக் கொடுத்தார்.

இப்போது சொம்புச் சத்தம் இல்லை. ஏதோ தேய்க்கிற சத்தம். தேய்க்கிறாள், அவ்வளவுதான். கம்பி இருக்கிறது, பயமில்லை. சுவரில் ஸ்டீல் கம்பி பதித்ததும் இவரே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், பழைய டிரில் மாஸ்டர் ஆயிற்றே, காலை மடக்கி முழு உடம்பையும் விட்டார். கம்பி அசையவில்லை. கதவு வெளியே திறக்கிற மாதிரி போட்டாயிற்று. தரை சொரசொர ஓடு. "சொரசொரன்னு இருந்தா அழுக்கு ஏறுமேடா, யாரு தேய்க்கிறது?" என்று போனிலேயே சண்டை பிடித்தாள். நான் தேய்க்கிறேன் என்றார். "நீ தேய்ச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்றாள். எல்லாம் யோசித்து யோசித்துச் செய்தது. அந்த ஒன்றைத் தவிர. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. வெஸ்டர்ன் கக்கூஸ் வாங்கக் கடைக்குப் போனவர், உயரம் சரியாக இருக்கவேண்டுமே என்று, கடையில் வரிசையாக வைத்திருந்த ஒவ்வொன்றின் மேலும் வேட்டியை ஒழுங்குபண்ணிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைப் பொருட்படுத்தவில்லை. முழங்கால் நேராக மடங்குகிறது, முதுகு நிமிர்கிறது, ஆகா இதுதான் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து பதித்துவிட்டார். ஆறடி ஆள் உட்கார்ந்து பார்த்து வாங்கியது! நேற்று அக்கா அதில் உட்கார்ந்துவிட்டு உள்ளேயிருந்து போட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். "டேய், கால் தரையில படலடா! தொங்குது!" தன் மார்பளவே இருக்கிற அக்காளை இவர் ஏன் நினைக்கவில்லை? நினைத்தது பூராவும் அவளைத்தானே? அதுதான் வேடிக்கை. அவளை நினைக்கும்போது அவள் எப்போதும் பெரியவளாகவேதான் வருகிறாள். அண்ணாந்து பார்க்கிற உயரத்தில். இவர் எப்போது வளர்ந்தார், அவள் எப்போது இவ்வளவு சிறுத்துப்போனாள்? தேன்மொழி விழுந்து விழுந்து சிரித்து, ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து அம்மா காலுக்கு அடியில் போட்டாள். சிரித்துவிட்டு, அப்புறம் சிரிக்காமல் மாமாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் மோர்ச்சோற்றில் வந்து முடிந்தது.

தேய்க்கிற சத்தமும் நின்றுவிட்டது. என்ன வாசனை இது? ஐயாறப்பன் மூக்கை உறிஞ்சினார். சோப்பு வாசனை இல்லை. காய்ச்சின நல்லெண்ணெய், அதில் இரண்டு மிளகும் ஒரு சிட்டிகைச் சீரகமும் பொரிந்த வாசனை. அடிப்பாவி. வெள்ளிக்கிழமை. காலையில் இவர் பால் வாங்கிக்கொண்டு வந்தபோது அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாளே, என்னக்கா என்றதற்கு ஒண்ணுமில்ல, கடுகு டப்பாவைத் தேடுறேன் என்றாளே. எண்ணெயா தேய்த்துக்கொண்டாள்? இடுப்பில் ஸ்குரூ இருக்கிறது, கையில் எண்ணெய், காலில் எண்ணெய். எந்த ஓடு சொரசொரப்பாக இருந்து என்ன, எண்ணெய்க்கு முன்னால் அது என்ன செய்யும்? வியர்த்தது. கூப்பிடலாமா? கூப்பிட்டு, அவள் திடுக்கிட்டுத் திரும்பி வழுக்கினால்? கூப்பிடாமல் இருந்து, அவள் ஏற்கெனவே விழுந்திருந்தால்? விழுந்தால் சத்தம் கேட்டிருக்குமே. கேட்டிருக்குமா? மெல்லச் சரிந்தால் கேட்காதே. எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிடலாம் என்று இரண்டடி போனார். அவர்கள் வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கோயிலுக்குப் போயிருப்பார்கள். திரும்பி வந்தார். கிணற்றடியில் ஒரு காகம் இவரையே பார்த்தது.  தண்ணீரே, ஒரு சொம்பு விழேன். ஒரே ஒரு சொம்பு.

"ஐயாறு."

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

உயிர் வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. ஒண்ணுமில்லைக்கு எதற்குக் கூப்பிடுகிறாள்? அக்கா ஒண்ணுமில்லை என்றால் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம், இது இந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். காத்திருந்தார். உள்ளே ஸ்டூல் தரையில் உரசியது. மறுபடி உரசியது. ஒரு முனகல்.

"எந்திரிக்க வரமாட்டேங்குதுடா. கம்பியைப் பிடிச்சா வழுக்குது."

"எண்ணெய் தேய்ச்சியா?"

"பின்ன? வெள்ளிக்கிழமை, அதுவும் இத்தன மாசம் கழிச்சு மொதல் தடவையா நானா தலைக்கு ஊத்திக்கிறேன். எண்ணெய் வைக்காம எவளாவது ஊத்திக்குவாளா? சீயக்காயைக் கரைச்சு வெச்சிருக்கேன், தேய்ச்சும் பாத்தேன், கையில பிசுக்கு போவமாட்டேங்குது."

"சரி சரி, அப்படியே உக்காரு, அசையாத. தேன்மொழி இப்ப வந்துருவா."

 இவர் வாழ்க்கையில் கேட்டே இராத சின்னக் குரலில் பதில் வந்தது. "அவ பாத்தா என்னக் கூட்டிட்டுப் போயிடுவாடா."

ஐயாறப்பன் கதவைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அதற்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். நீங்க ஆம்பள, என்ன பண்ண முடியும்? வயசுக்கு வந்த நாளிலிருந்து அக்காளின் ஈரப்புடவை காய்கிற கொடிப்பக்கம்கூட நிமிர்ந்து பார்க்காமல் நடந்து பழகியவர். அவளும் அப்படித்தான், தம்பி தாழ்வாரத்தில் இருந்தால் நனைந்த தலையோடு வெளியே வரமாட்டாள். ஒரே கூரை, ஒரே அடுப்பு, இந்த ஒரு கதவு மட்டும் நடுவில். அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் வரட்டுமாக்கா?"

உள்ளே ஈரப் பாவாடையை இழுத்து மாரளவுக்கு முடிந்துகொள்கிற சத்தம்.

"கண்ண மூடிக்கிட்டு வா."

மூடிக்கொண்டார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கதவைத் திறந்து காலை வைத்ததுமே நங்கென்று நெற்றி நிலையின் மேல்கட்டையில் இடித்தது. அக்காளுக்குப் படி வேண்டாமென்று தரையை உயர்த்தியவர், தான் குனியவேண்டும் என்பதை இன்னும் பழகவில்லை. "இடிச்சிக்கிட்டியா?" "இல்லக்கா." "சத்தம் கேட்டுதே?" "இல்லன்றேன்ல." உள்ளங்காலில் தரை சொரசொரத்தது. வெந்நீர் ஆவி, நல்லெண்ணெய், சீயக்காய். சீயக்காய் வாசனை மூக்கில் ஏறியதும் மூடியிருந்த கண்ணே எரிகிற மாதிரி இருந்தது. சின்ன வயசில் இவரைத் துவைக்கிற கல்மேல் அம்மணமாக நிற்கவைத்து, ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தலையைத் தேய்த்துவிடுவாள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறதெல்லாம் அக்காதான். எரியுது எரியுது என்று கத்துவார். இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்பாள், ஆகவே ஆகாது. அந்தக் கைதானே? இருட்டில் துழாவினார். எலும்பாக ஒரு முழங்கை கிடைத்தது, வழுவழுவென்று. இவ்வளவுதானா அக்கா? இவ்வளவு லேசாகவா ஆகிவிட்டாள்? துண்டை அவள் உள்ளங்கையில் திணித்து, அதன்மேல் தன் கையால் இறுக்கிப் பிடித்து, இன்னொரு கையை அக்குளுக்கு அடியில் கொடுத்தார். "நான் ஒண்ணு ரெண்டு சொல்லுவேன். மூணுன்னதும் எந்திரி." "பள்ளிக்கூடமாடா இது?" என்றாள் அக்கா, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. எழுந்தாள். எழுந்து அவர் மார்பில் தலை மோதி நின்றாள், எண்ணெய்த் தலை சட்டையில் பிசுபிசுத்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே மூச்சு வாங்கினார்கள். "கண்ணத் திறந்துராத." "திறக்கலக்கா." கண்ணிலிருந்து வழிந்ததை அவரால் துடைக்க முடியவில்லை, கை இரண்டும் அக்காளிடம் இருந்தது. துண்டோடு கம்பியைப் பிடிக்கச்சொல்லி, நிற்கவைத்தபடியே அவள் சொல்லச் சொல்ல, துழாவித் துழாவி, இவரே சீயக்காயை அள்ளி அவள் தலையில் வைத்துத் தேய்த்தார், இவரே சொம்பில் மொண்டு ஊற்றினார். பாதித் தண்ணீர் இவர்மேல் விழுந்தது. கடைசிச் சொம்பை அவள் பிடுங்கிக்கொண்டாள். "விடு, இதை நான் ஊத்திக்கிறேன்." ஊற்றிக்கொண்டாள். தன் கையால், தன் தலைக்கு. "ஆ...ங்" என்று ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அதைக் கேட்டதற்கு அந்தத் தொட்டியை இன்னொரு தடவை உடைக்கலாம்.

தேன்மொழி வந்தபோது, சொன்னபடியே, அபயாம்பாள் கொல்லைத் தாழ்வாரத்து நாற்காலியில் உலர்ந்த புடவையும் நனைந்த தலையுமாக ராணியாட்டம்தான் உட்கார்ந்திருந்தாள். மருந்துப் பையைக் கீழே போட்டுவிட்டு மகள் ஓடிவந்தாள். "தானாவாம்மா குளிச்சே?" "ஆமா, பின்ன?" என்றாள் அபயாம்பாள், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தேன்மொழி நிமிர்ந்தாள். "நிஜமாவா மாமா?" ஐயாறப்பன் வாயைத் திறந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அக்கா பார்க்கிறாள், பார்வையாலேயே கெஞ்சுகிறாள், சொல்லேன்டா என்கிறாள். சொன்னால் அக்கா இருப்பாள். இன்னொரு நாள் கம்பி வழுக்கும், அப்போதும் இவர் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

"இல்லம்மா" என்றார். "எந்திரிக்க முடியல அவளால. நான் உள்ள போனேன். கண்ண மூடிக்கிட்டுத்தான். கை கொடுத்தேன், தலை தேய்ச்சுவிட்டேன். இனிமேலும் செய்வேன். என்ன பண்ண முடியும்னு கேட்டியே, இது பண்ண முடியும் என்னால."

"மானத்த வாங்கிட்டான், பாவி" என்று அபயாம்பாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தேன்மொழி, நனைந்து உடம்போடு ஒட்டிய மாமாவின் சட்டையைப் பார்த்தாள், அதில் எண்ணெய்த் திட்டைப் பார்த்தாள், நெற்றிப் புடைப்பைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்து துண்டை மெல்ல வாங்கி, பின்னால் போய் நின்று, தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். நிதானமாகத் துவட்டினாள். சிக்கு எடுத்தாள். இரண்டு பேருடைய முகத்தையும் பார்க்காமல், முடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தக் கம்பியில பழைய துண்டு ஏதாவது இறுக்கமா சுத்திக் கட்டி வைங்க மாமா. அடுத்த வெள்ளிக்கிழமையும் எண்ணெய் தேய்ப்பாங்க, சொன்னா கேக்கவா போறாங்க."